தம்பிக்குக் கொடுத்த கார்டு மெஷின்

மூக்குக்கண்ணாடிக் கடையைப் பன்னிரண்டு வருஷம் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவள் அந்த அக்கா. தம்பி என்றால் மட்டும் உருகிவிடுவாள். கடல் சுற்றுலா நடத்திய அவனுக்குக் கார்டு மெஷின் தர வங்கி மறுத்ததால், அவனுடைய பயணிகள் நாற்பது பேர் அவள் கடையிலேயே கார்டு தேய்த்தார்கள்.

சுற்றுலா நின்றுபோனது. பணம் திரும்பி வரவில்லை என்று பயணிகள் வங்கியில் புகார் கொடுக்க, அவள் கணக்கு முடக்கப்பட்டது.

"இதெல்லாம் உங்க விற்பனையாம்மா?" என்றார் வங்கி அதிகாரி, தம்பியோடு வந்து உட்கார்ந்தவளிடம். "அடுத்தவங்க வியாபாரத்துக்கு மெஷினைத் தரமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!"

"ஆமான்னு சொல்லிடுக்கா" என்று தம்பி காதில் கிசுகிசுத்தான்.

"நாப்பது பேரும் கடல் பாக்கவா கண்ணாடி வாங்கினாங்க? சும்மா இருடா!"

ஆனாலும் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பொய் பிடிபட்டால் கடை போகும்; உண்மை சொன்னால் தம்பி மாட்டுவான். ஊர் பேர் தெரியாத அந்த நாற்பது பேரும் அவள் கடையை நம்பித்தானே கார்டை நீட்டினார்கள்?

"என் விற்பனை இல்ல சார். ஆனா மெஷினைக் கொடுத்தது நான்தான்."

தம்பி விருட்டென்று எழுந்து வெளியேறினான். அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். மெஷினைப் பயன்படுத்தியவர் என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் பேனா நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'உடன்பிறந்த தம்பி' என்று எழுதினாள்.