கடைசி லைன் சுவரில் ஒரு பனிக்கிரகம்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் எங்கள் கோரமண்டல் சுரங்கக் குடியிருப்புச் சுற்றுவட்டாரத்தில் என் பிரஷ் படாத போர்டு கிடையாது. சூரியக் குடும்பத்தையே சுவரில் ஏற்றிய பெயிண்டரும் இங்கே நான் ஒருவன்தான். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளிக்கூட அறிவியல் டீச்சர் எங்கள் தெருவின் நீளத்தையே அளவாக வைத்துக் கிரகங்களை வரையச் சொன்னார். பள்ளி கேட்டில் சூரியன். சனி வரைக்கும் பள்ளிச் சுவரிலேயே அடங்கிவிட்டது. யுரேனஸ் சலூன் சுவரில், நெப்டியூன் சைக்கிள் கடையில். அதற்கும் அப்பால், பனி உறைந்த ஒரு குட்டிக் கிரகம் மட்டும் பாக்கி. தூரக் கணக்குப்படி அது விழுந்த இடம், தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லைன் வீட்டின் பக்கச் சுவர். மறுநாள் சுவரோவியங்களுக்குத் திறப்பு விழா.

"அது இல்லன்னா எல்லாம் நெப்டியூனோட முடிஞ்சிடுச்சின்னு பசங்க நெனச்சிக்குவாங்கண்ணே," என்றார் டீச்சர். முடித்துத் தருகிறேன் என்று மார்தட்டினேன்.

சுவரில் பிரைமர் அடிக்கத் தொடங்கியதும் வீட்டுக்காரி கஸ்தூரியம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டார்.

"இன்னாய்யா பண்ற? பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன், கிரகத்தக் கொண்டாந்து என் சொவுத்துல உக்கார வெக்கிறியா? எத்தினி சனிக்கெழம எள்ளு வெளக்கு ஏத்தி இந்த எடம் அமைஞ்சிதுன்னு தெரியுமா?"

"இது அந்த மாதிரி கிரகம் இல்லக்கா. ஐஸ். ரொம்ப தூரத்துல கீது."

"தூரத்துல இருந்தா புடிக்காதா? சனி இன்னா பக்கத்து வூட்லயா கீறாரு?"

பிரஷைப் பாதி வேலையில் கீழே வைத்தேன். அது அபூர்வம். டீச்சரைக் கூட்டிவந்தேன்.

"அம்மா, இது சூரியன ஒரு சுத்து சுத்தி வரவே நூத்துக்கணக்கான வருஷம் ஆவும். இன்னும் பேருகூட வெக்கல, வெறும் நம்பர்தான்."

கஸ்தூரியம்மா யோசித்தார். "பேரே இல்லியா? அப்ப ஜோசியக்காரன் இன்னான்னு சொல்லிப் பரிகாரம் கேப்பான்?" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வெடித்தது. "போடுய்யா! பந்தல்ல இருந்து பாத்தா தெரியணும்."

"அளவுப்படி கடுகைவிடச் சின்னதும்மா," என்றார் டீச்சர்.

"கல்யாண வூட்ல கடுகா வரைவாங்க?"

இருவருக்கும் நடுவில் நான்தான் தீர்ப்பு சொன்னேன். டீச்சருக்காக ஒரு சிறு புள்ளி. பக்கத்திலேயே, பூதக்கண்ணாடியில் பார்ப்பதுபோல, வண்டிச் சக்கர அளவுக்கு அதே கிரகம். நீலத்தில் வெள்ளை ஷேடு கொடுத்தேன். தொட்டால் கை சில்லிடும்.

கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் அதன் முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சலூன்காரர் என்னை ஓரமாக இழுத்து, "யுரேனஸ அழிச்சிட்டு எனக்கும் பேரில்லாதது ஒண்ணு போடேன்," என்றார்.

சுவர் கேட்டுப் போகிறவர்கள், அந்த வீட்டில் என்ன விசேஷம் என்று முதலில் விசாரியுங்கள். பெயிண்ட் அதற்கப்புறம்.