ஒரு செயினுக்கு நான்கு எண்ணெய்

காது குடையும் பஞ்சுக்குச்சியை மோட்டார்சைக்கிள் செயினில் ஒற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு, "மூணாவது கொஞ்சம் பிசுபிசுங்குது" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பக்கத்தில் யாரும் இல்லை. மனைவி வீட்டுக்குள் தலை வாரிக்கொண்டிருந்தாள். செயினிடம்தான் சொன்னார்.

செயினை அவர் நான்கு பங்காகப் பிரித்திருந்தார். பங்குக்கு முப்பது கண்ணி. எல்லைகளில் மனைவியின் நகப்பூச்சால் புள்ளி. முதல் பங்குக்கு மெழுகு ஸ்ப்ரே, அடுத்ததற்குக் கெட்டி எண்ணெய், மூன்றாவதற்கு வெள்ளைக் கிரீஸ், நான்காவதற்கு உதிரிபாகக் கடைக்காரி "சும்மா போட்டுப் பாருங்க சார்" என்று கொடுத்த மாதிரிக் குப்பி. இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எது சிறந்தது என்று முடிவெடுப்பதாகத் திட்டம். ஆறு வாரமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தவரை முடிவெடுக்க வைப்பதுதான் அவர் தொழில். இருட்டறையில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா? யோசிக்காதீங்க, சட்டுனு சொல்லுங்க" என்பார். தனக்கென்று வந்தால் ஒரு பேனா வாங்கவே இரண்டு நாள். ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் கைவிட்டுப் போகிறதே என்ற வருத்தம். அந்த வருத்தத்தில் ஆழம் உண்டு என்று வாதாடலாம்; பேனாக் கடை வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் வாதாடுவதில்லை.

செயினோடு நின்றிருந்தால் வம்பில்லை. வெளியே இத்தனை வழுவழுப்பு இருக்கும்போது உள்ளே மட்டும் ஏன் இருக்கக்கூடாது என்று, வழுக்கும் மருந்து கூடுதலாகச் சேர்த்த கார் ஆயிலை இஞ்சினில் ஊற்றிவிட்டார். அன்றிலிருந்து கிளச் பிடிக்கவில்லை. சமதரையில் ஒருவிதமாகப் போகும் வண்டி, மனைவி நர்ஸாக இருக்கும் மருத்துவமனையின் மேட்டுக்கு வந்ததும் இரைந்ததே தவிர ஏறவில்லை. தினமும் அவள் மேட்டடியில் இறங்கி நடந்தாள். அவர் வண்டியைக் காலால் உந்திக்கொண்டு பக்கத்திலேயே போனார், எண்ணெய்களைப் பற்றி விளக்கியபடி.

"மாசத்துல மூணு தடவை லேட்டானா நைட் ஷிஃப்ட்டுக்குத் தள்ளிடுவாங்க. ரெண்டு ஆயாச்சு," என்றாள் அவள் ஒரு சனிக்கிழமை. "திங்கக்கிழமை வண்டி மேடு ஏறணும். இல்லன்னா எங்க அண்ணன் கார்ல போயிக்கிறேன்."

மச்சினன் காரில் இதுவரை எந்தப் பாகமும் கெட்டதில்லை. அதை மச்சினன் சொல்லாத நாளும் இல்லை. கண்ணாடிக் கடைக்காரர் நேராக உதிரிபாகக் கடைக்கு ஓடினார்.

"இஞ்சினுக்கு என்ன ஆயில் சார் ஊத்துனீங்க?"

சொன்னார். கடைக்காரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "செயின் வழுக்கணும். கிளச் பிளேட் இஞ்சின் ஆயில்லதான் ஊறிக்கிட்டிருக்கும், ஆனா அது வழுக்கவே கூடாது, கவ்வணும். நீங்க ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் பாத்திருக்கீங்க."

"சரி, செயினுக்கு அந்த நாலுல எது..."

"எந்த நாலு? எல்லாம் ஒரே பல்சக்கரத்து மேலதானே சுத்துது? முதல் நாளே கலந்து ஒண்ணாயிருக்கும். ஆறு வாரமா கதம்பத்தை மோந்துட்டிருக்கீங்க."

அவர் முகம் செத்துப்போயிற்று. நகப்பூச்சுப் புள்ளியை எண்ணெய் மதிக்கும் என்று நம்பியிருந்தார்.

அவள் இரண்டு வகைக் கிளச் பிளேட்டுகளை எடுத்து வைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். இதன் மேல்பரப்பு, அதன் ஓரம், மறுபடி இது. இருபது நிமிடத்தில் மூன்று பேர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்காரி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் முன்னால் ஆட்டினாள்.

"இதை எனக்குப் போட்டப்ப என்ன சொன்னீங்க? யோசிக்காதீங்க, சட்டுனு சொல்லுங்கன்னீங்கல்ல? இப்ப நீங்க சொல்லுங்க. இதா, அதா?"

"கொஞ்சம் பொறுங்க..."

"பொறுக்கிறதெல்லாம் கிடையாது. இதா? அதா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இது!"

"செயினுக்கு? மெழுகா, கிரீஸா?"

"மெழுகு!" பல் பிடுங்கக் கொடுத்தவரின் அலறல். இஞ்சின் ஆயிலை அவளே எடுத்துப் பையில் போட்டாள். அதில் அவரைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் பிளேட்டுகளை மாட்டினார். இவர் டார்ச் பிடித்தார். பழைய கதம்பத்தைச் செயினிலிருந்து துடைத்தபோது நகப்பூச்சும் சேர்ந்து போயிற்று.

திங்கள் காலை மேட்டடியில் வண்டியை ஒரு நொடி நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு கிளச்சை விட்டார். வண்டி துள்ளி ஏறியது. உராய்வு என்றால் என்ன, அது இல்லாவிட்டால் மனிதன் நடக்கக்கூட முடியாது என்றெல்லாம் மேடு முழுக்க உரக்க விளக்கிக்கொண்டே போய், மருத்துவமனை வாசலில் நிறுத்தி, "எப்படிக் கவ்வுது பாத்தியா?" என்றார்.

"யாரைக் கேக்குறீங்க சார்?" என்றார் காவலாளி.

திரும்பிப் பார்த்தார். மேட்டடியில் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். அவள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஐந்து நிமிடம்தான் இருந்தது. விழுந்தடித்துக் கீழே வந்தார்.

"பழக்கத்துல இறங்கிட்டேன்," என்றாள். "ஒரு ஆள் குறைஞ்சதுகூடவா உங்களுக்குத் தெரியல?"

"புது பிளேட்ல... அதான் கனமே தெரியலன்னு நெனச்சேன்."

"பேசாம ஏத்துங்க. நாலு நிமிஷம்தான் இருக்கு."

ஏறி உட்கார்ந்தாள். மேடு ஏற ஒரு நிமிடம் போதும். அவர் கியரைப் போட்டார், போட்டவர் தயங்கினார். பின்னால் கைவிட்டு, அவள் தோளில் குறுக்காகக் கிடந்த கைப்பையின் நீண்ட வாரை இழுத்து, ஹெல்மெட்டுக்கு மேலாகத் தன் தோளிலும் மாட்டிக்கொண்டார். அதன் பிறகுதான் கிளச்சை விட்டார்.