தங்கராசு அண்ணன் குடித்திருக்கவில்லை

தங்கராசு அண்ணன் இறந்த அன்று மாலைக்குள் செய்தி ஊருக்கு வந்துவிட்டது. வந்த செய்தி பொய். என் சித்தி மகள் போன் செய்து, "ஏனக்கா, உங்க செட்டுல தறி ஓட்டுற தங்கராசு குடிச்சுப்போட்டு ஆஸ்பத்திரியில உழுந்து செத்துட்டாராமே, நெசமா?" என்று கேட்டாள். அப்போது நான் அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் அவர் மனைவி செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "போனை வையிடி" என்று கத்தினேன். அவள் கேட்டதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன், அவளுக்கும், செட்டிலும் ஊரிலும் இருக்கும் உங்கள் எல்லோருக்கும். தங்கராசு அண்ணன் தம் நாற்பத்தாறு வயதில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டவர் இல்லை.

அவருக்குத் திக்குவாய் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பேச ஆரம்பித்ததும் நீங்கள் சிரித்தது எனக்கும் தெரியும். எல்லாச் சொற்களையும்விடத் தம் பெயர்தான் அவருக்குக் கடினம். முதல் எழுத்திலேயே மூச்சு நின்றுவிடும். அதனால் போகிற இடமெல்லாம் "ராசு" என்று பாதிப் பெயரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

ஆட்டையாம்பட்டியில் நாங்கள் வேலை பார்க்கும் விசைத்தறி செட்டில் என் தறிக்குப் பக்கத்துத் தறி அவருடையது. தறிகள் ஓடும்போது காதில் ஒன்றும் விழாது. ஒருவர் சொல்வதை மற்றவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு நாள், காலை டீக்குச் சற்று முன்னால் அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். கையில் கிழிந்த செய்தித்தாள். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாளும் அதே நேரம், வேறொரு வாக்கியம். அதற்கடுத்த நாளும் அப்படியே.

டீ குடிக்கும்போது கேட்டேன். கூச்சப்பட்டுச் சிரித்தார். நின்று நின்று சொன்னார். "ஒரு நாளைக்கு ஒண்ணுதானுங்க அம்மிணி. அதுக்கு மேல ஆசைப்பட்டா ஒண்ணும் வராது." நல்லெண்ணத்தில் அவர் திக்கிய சொல்லை நான் முடித்துவைத்தபோது மட்டும் முகம் சுருங்கியது. "என் வாயில இருக்கற சொல்லை யாரும் புடுங்கக் கூடாதுங்க. மெதுவா வந்தாலும் அது என்னோடது." அன்றிலிருந்து அவர் பேசும்போது நான் வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். எனக்கு அது சுலபமாக வரவில்லை.

எட்டு மாதம் கழித்து எல்லாம் சரிந்தது. ஒரு வாரம் முழுக்க ஒரு வாக்கியம்கூட வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து செட்டு முதலாளி உள்ளே வந்து, "தறிகிட்ட நின்னு என்னய்யா உளறிட்டு இருக்க? வேலையப் பாரு" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அண்ணன் தாளைக் கசக்கி எறிந்துவிட்டார். போயிற்று, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாள் காலை அதே நேரத்துக்கு உதடு அசைந்தது. என்ன சொல்கிறார் என்று உற்றுப் பார்த்தேன். "வேலையப் பாரு" என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நேத்து அந்த வார்த்தைக்குத்தானுங்க பயந்தேன், அதான்" என்றார்.

மூன்றாம் வருடம் தம் மகள் காவ்யாவின் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்குப் போனார். அதற்கு முன்பெல்லாம் அவர் கேட்டுக்கு வெளியிலேயே நிற்க, செல்விதான் உள்ளே போவாள். அன்று அவரே போய் ஆசிரியையின் மேசை முன்னால் நின்று, "நான் காவ்யாவோட அப்பா தங்கராசு" என்று சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரு முறை நின்றது. ஆசிரியை அவசரப்படுத்தவில்லை, வேறு பக்கமும் திரும்பவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உட்காருங்க சார்" என்றாராம். மறுநாள் செட்டில் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார் அண்ணன். எதற்கென்று கேட்காமலே தின்றீர்கள்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

காலை பதினொரு மணி இருக்கும். அண்ணன் தறியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குதுங்க." சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. என் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் இறங்கியவர், "நான் உள்ள போயி சொல்லிக்கிறேனுங்க. நீங்க போயி செல்வியக் கூட்டிட்டு வாங்க" என்றார். ஒரு திக்கலும் இல்லாமல் சொன்னார். அதில்தான் ஏமாந்தேன். அவர் நாக்கு தேறியதில் அவரைவிட எனக்குப் பெருமை அதிகம். வண்டியைத் திருப்பிக்கொண்டு, செல்வி வேலை பார்க்கும் ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விட்டேன்.

உள்ளே நடந்ததை, காலில் கட்டுப் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பிறகு சொன்னார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் பெயரைக் கேட்டிருக்கிறாள். வலியில் மூச்சு முட்டியதில் திக்கல் திரும்பி வந்துவிட்டது. "த... த..." என்று நின்றிருக்கிறார். "குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று தலையாட்டி நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். அவள் காவலாளியைக் கூப்பிட்டு, "இவரை ஓரமா உக்கார வைங்க, தெளிஞ்சதும் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள். வாயருகே குனிந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

செல்வியும் நானும் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. மூலையில் கடைசி நாற்காலியில் இருந்தார். முகம் வெளிறியிருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. எனக்குச் சத்தம் தேவையும் இல்லை. தம் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். வந்துவிட்டால் எழுந்து போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தார்.

பிறகு எல்லோரும் ஓடினார்கள். எதுவும் பலனளிக்கவில்லை. வெளியே வந்த டாக்டர், "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். "இங்கதான்யா இருந்தாரு! முக்கா மணி நேரமா உங்க நாற்காலியிலதான் இருந்தாரு!" என்று நான் போட்ட சத்தத்தில் நோயாளிகள் எழுந்து நின்றார்கள். அந்தப் பெண் அழுதாள். அவள் அழுகையை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

பதினாறாம் நாள் செட்டில் இரங்கல் கூட்டம். வாசலில் அவர் படம் போட்ட பேனர். முதலாளி மைக்கைப் பிடித்தார். "நம்ம தங்கராசு மாதிரி தெனமும் கொஞ்சம் கொஞ்சமா முயற்சி பண்ணுனா யாரும் எதையும் சாதிக்கலாம்" என்றார். கை தட்டினீர்கள். எழுந்து கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அவர்தான் முயன்றாரே, ஒரு நாள் தவறாமல் நான்கு வருடம்? சாதித்தாரே? அவர் பங்கில் என்ன குறை வைத்தார்? எதிரில் இருந்தவர்களின் பங்கு அரை நிமிடப் பொறுமை. அதற்கு ஆள் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் மட்டுமா இல்லை? இந்த ஊரில் அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை நின்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அவரைப் பாராட்டுகிற சாக்கில் நாம் நம்மைத் தப்பவிடுகிறோம். நான் என்னையும் விடவில்லை. வாசலில் வண்டியைத் திருப்பியவள் நான்தான்.

செல்வி பேரில் புகார் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒரே வரியில் பதில் வந்தது. நோயாளி தம் உடல்நிலையைத் தெளிவாகத் தெரிவிக்கவில்லையாம். அதைச் செல்விக்குப் படித்துக் காட்டினேன். "அக்கா, நீங்க தெளிவா எழுதுங்க. அவியளுக்குத் தெளிவுதான வேணும்?" என்றாள்.

நான் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுகிறவள். முதல் நாள் புதுப் புகாரில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டி எழுதினேன். வெறும் வசவு. கிழித்துப் போட்டேன். இப்போது வேலைக்குக் கிளம்புமுன் தினமும் ஐந்து வரி. ஐந்தையும் செல்விக்கு வாசித்துக் காட்டுவேன். மிகையாக ஒரு சொல் இருந்தாலும் அவள் அடிக்கச் சொல்லுவாள். கட்டுப் போட்ட அம்மாளைத் தேடிக் கண்டுபிடித்து அவர் சொன்னதையும் எழுதி வாங்கிவிட்டோம். முழுவதும் ஆனதும் மருத்துவத் துறை மேலிடத்துக்கு அனுப்புவோம். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புவோம்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஐந்து வரிதான். கோபம் என்னுடையது, அதை வீணாக்காமல் நாளுக்கு இவ்வளவு என்று செலவழிக்கும் பழக்கம் அவருடையது. இன்று காலை எழுதிய கடைசி வரி இது: "காவலாளி மூலை நாற்காலியைக் காட்டியபோது, இரண்டு மருத்துவர்கள் பணியில் இருந்தார்கள், அவர்கள் அறைக் கதவு திறந்திருந்தது."