ராஜா காரை ஓட்டியவன்

ஆம்புலன்ஸ் ஓட்டும் அந்த அம்மாளைத் தெருவில் எல்லாரும் சைரன் என்றுதான் சொல்வார்கள். வண்டிச் சத்தத்துக்கும் வாய்ச் சத்தத்துக்கும் சேர்த்து வைத்த பெயர். அவள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பாத்திர பண்டம் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் ராணுவ வண்டிகள்தான். அதிலும், உலகப் போர்க்காலத்தில் வெள்ளைக்கார அரச குடும்பத்தார் ஏறிய வண்டிகளின் மாதிரிகள் மட்டும். ராஜா படையைப் பார்வையிட்ட திறந்த கார், குண்டு விழுந்த தெருக்களுக்கு ராணி போன வண்டி, இளவரசி ஓட்டப் பழகிய ஆம்புலன்ஸ் லாரி.

ராஜாவும் வேண்டாம் மந்திரியும் வேண்டாம் என்று பேசுகிறவளுக்கு இது எதற்கு என்று தையல்காரரான அவள் கணவர் கேலி செய்வார். வண்டி என்ன பாவம் செய்தது என்பாள்.

ஒருநாள் தூசி துடைக்கும்போதுதான் உறைத்தது. பின்னிருக்கையில் ராஜா எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறார். மார்புப் பதக்கங்கள் மின்னுகின்றன. முன்னிருக்கை காலி. அடுத்த வண்டியிலும் காலி. செய்து விற்றவர்கள் ராஜாவின் மீசைக்கு வண்ணம் தீட்டியிருந்தார்கள். குண்டுமழைக்குள் அவரைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தவனுக்கு ஒரு தலை வைக்க மனம் வரவில்லை.

செப்புக் கம்பியை வளைத்து, மேலே மரச்சாமானில் பொத்தல் அடைக்கும் மக்கு அப்பி, ஊசிமுனையால் முகம் கீறி, அவள் ஓட்டுநர்களைச் செய்ய ஆரம்பித்தாள். கணவர் தொப்பிக்குக் காக்கித் துணி நறுக்கிக் கொடுத்தார். இடுப்புக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள், விட்டுவிடு என்றார்.

"காலில்லாம பிரேக்கை எப்படிங்க மிதிப்பான்?"

கால் வந்தது. ராஜா காரின் ஓட்டுநருக்கு மட்டும் தலையைச் சற்றே நிமிர்த்தி, பின்னிருக்கையைக் காட்டும் கண்ணாடியில் பார்வை பதியும்படி வைத்தாள்.

அவளைப் போல மாதிரி வண்டி சேர்ப்பவர்களின் சங்கம் அந்த வருடக் கண்காட்சியை அரச வண்டிகளுக்கென்றே ஒதுக்கியது. நடு மேசையில் தன் கார் நிற்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. செயலாளர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காரைக் கையில் ஏந்தி ரசித்தவர், முன்னிருக்கையைக் கண்டதும் முகம் சுளித்தார். பெட்டியில் வந்தது மட்டும்தான் இருக்க வேண்டுமாம். பக்கத்துக் காரில் பட்டுக்கொடி புதிதாகப் பறந்தது, ராஜாவுக்குத் தங்கப்பூச்சு ஏறியிருந்தது. அது என்ன என்று கேட்டாள். அது அலங்காரம் என்றார்.

"இவனை எடுத்துடுங்கம்மா. நடு மேசை உங்களுக்குத்தான். ராஜாவையே முறைச்சுப் பாக்கறானே, மரியாதையா இது?"

"முறைக்கல சார். வண்டி ஓடுறப்ப எந்திரிச்சு நிக்கிறாரே, விழுந்துடுவாரோன்னு பாக்கறான். நான் தினமும் அப்படித்தான் கண்ணாடியைப் பாக்கறேன்."

செயலாளர் மேசையைப் பார்த்தார், அவள் காரைப் பார்த்தாள். ஓட்டுநரை விரலால் ஒரு நெம்பு நெம்பினால் போதும், நடு மேசை கிடைத்துவிடும். அவள் காரைப் பஞ்சில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆளில்லாமல் ஓடும் காரை நானும் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி ஓட்டுநர் அறையில், தண்ணீர்க்குடத்துக்கு மேலிருந்த பலகையில் கார் நின்றது. டியூட்டி முடிந்து வந்தவர்கள் சட்டையைக்கூட மாற்றாமல் குனிந்து பார்த்தார்கள். ராஜா யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. டீசல் என்று பெயரெடுத்த மூத்த ஓட்டுநர் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரி தங்கச்சி. ஊர்வலத்துல உருட்டிக்கிட்டுப் போற வண்டி இது. இடது காலைச் சும்மா தரையில வச்சிருக்கானே? கிளட்ச்சுல இல்ல இருக்கணும்?"

அறையே சிரித்தது. அவளுக்குக் காது சிவந்துவிட்டது. இத்தனை வருடம் ஓட்டியும் இது தோன்றாமல் போயிற்றே.

அன்று வீடு திரும்பியதும் இடுக்கியால் ஓட்டுநரை மெல்ல வெளியே எடுத்தாள். கணவர் திகைத்தார்.

"அங்கே எடுக்க மாட்டேன்னுட்டு வந்து, இப்ப நீயே எடுக்கறியே?"

"கால் தப்பா வச்சுட்டேங்க. சரி பண்ணிட்டு ஏத்தணும். அதுவரைக்கும் ராஜா காத்திருக்கட்டும்."