சாவிக்கொத்தும் இரண்டாவது அடுப்பும்

அவள் பெயரை நான் முதன்முதலில் கேட்டது தொலைபேசியில். என் அக்காதான் சொன்னாள்.

"நம்ம பெரியவன் வாடகைக்கு வீடு தேடிப் போனான்டி. வீடு கிடைக்கல. வீட்டுத் தரகரே கிடைச்சுட்டா!"

"பொண்ணு தரகரா? பேரு என்ன?"

"என்னமோ பேரு இருக்கு. எல்லாரும் சாவிக்கொத்துன்னுதான் கூப்பிடுறாங்களாம். இடுப்புல முப்பது சாவி தொங்குமாம். அவ தெருமுனையில திரும்பும்போதே இவனுக்குச் சத்தம் கேட்டுடுதாம்."

அந்த மருமகளோடு அக்கா வாழ்ந்தது மூன்றே வருடம். பிறகு அக்கா போய்விட்டாள். அத்தான் தனியாகிவிட்டார். அவர் நாற்பது வருடம் துறைமுகக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். ஒரு வேளைக்கு நானூறு பேருக்குச் சமைத்த கை. உப்பை உள்ளங்கையில் கொட்டித்தான் அளப்பார். அக்காவின் பெரிய மகனோ சரக்கு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் சாலையில்தான் இருப்பான். ஆக அந்த வீட்டில் மிச்சம் இருந்தது மாமனார், மருமகள், இரண்டு பெண் குழந்தைகள், ஒரே ஒரு அடுப்படி.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"ஏம்மா, இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"குடிச்சுப் பாருங்க மாமா. கழுவின தண்ணியில இவ்வளவு உப்பு இருக்காது."

சண்டை போட்டு அலுத்த பிறகு, அவள் தரகர் மூளையால் யோசித்தாள். வீட்டின் பின்பக்கம் பழைய கட்டிலும் ஓட்டை சைக்கிளும் அடைத்து வைத்த ஒரு அறை இருந்தது. அதை ஒழித்து, கல்மேடை போட்டு, அடுப்பும் தொட்டியும் வைத்து, பக்கத்துச் சந்துக்குத் தனியாக ஒரு கதவும் திறந்தாள். அத்தான் தன் கரண்டிகளோடு அங்கே குடிபோனார். அன்றிலிருந்து இரண்டு பேரும் அப்படி ஒரு ஒற்றுமை! "மாமாவுக்கு ஏதாவது வேணுமான்னு கேட்டுட்டு வரேன்" என்று காலிக் கிண்ணத்தோடு போவாள். வரும்போது கிண்ணம் நிறைந்திருக்கும்.

ஆனால் அந்த வட்டாரத்துக்கு நகராட்சி போட்ட பழைய விதி ஒன்று இருந்தது. ஒரு மனையில் ஒரு வீடுதான் இருக்கலாம். ஒரு வீடா இரண்டு வீடா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அடுப்படியை எண்ணுவார்கள். இரண்டு அடுப்படி இருந்தால் இரண்டு வீடு, அது குற்றம். அதனால் பாதிப் பேர் அடுப்பை மறைத்து வைத்துக் குடித்தனம் செய்தார்கள். ஒரு வீட்டில் அடுப்புக்கு மேலே பலகை போட்டுத் தையல் மெஷின் உட்கார்ந்திருக்கும். இன்னொரு வீட்டில் துணி அலமாரியைத் திறந்தால் உள்ளே அடுப்பு இருக்கும். சாவி கையில் இருக்கிறவளுக்கு இதெல்லாம் அத்துப்படி. வெளியே மூச்சு விடமாட்டாள்.

இந்த விதியை மாற்றவேண்டும் என்று வீடு கட்டுகிறவர்களும் தரகர்களும் சேர்ந்து வைத்திருந்த சங்கம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. டயர் கடைக்கு மேலே ஒரு அறையில் கூடுவார்கள். துறைமுகம் பெரிதாகிறது, வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள், குடியிருக்க வீடு இல்லை, பெற்றவர்கள் ஒரு பக்கம் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது, இதுதான் அவர்கள் வாதம். சங்கத் தலைவர் ஒரு கட்டட முதலாளி. 'வளர்ச்சி' என்ற சொல் இல்லாமல் அவருக்குத் தும்மல்கூட வராது. இரண்டாவது அடுப்படிக்கும், ரயில் நிலையத்தைச் சுற்றி நாலு மாடி கட்டவும் அனுமதி கேட்டு அறுபது பக்கத்துக்கு மனு தயாரித்தார். உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு வீட்டை உதாரணமாக எழுதித் தரவேண்டும் என்றார்.

சாவிக்கொத்து எழுத உட்கார்ந்தாள். பத்து வருடமாக வீட்டு விளம்பரம் எழுதிப் பழகிய கை, அது பாட்டுக்கு ஓடியது. 'பின்பக்கம் தனி வாசல். காற்றோட்டமான இரண்டாவது சமையலறை. கருங்கல் மேடை. காலை வெயில் நேராக விழும். பெரியவர் ஒருவர் நிம்மதியாக வாழ ஏற்றது. உடனே வந்து பார்க்கலாம்.' கீழே முகவரி. முகவரி இல்லாமல் அவள் எந்த வீட்டைப் பற்றியும் எழுதியதே இல்லை. எழுதியதோ சொந்த வீட்டைப் பற்றி!

உடனே வந்து பார்த்தார் நகராட்சிக் கட்டட ஆய்வாளர். கையில் மனுவின் பதினேழாம் பக்கம். பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளோடு இருக்க நான் அப்போது அங்கே போயிருந்தேன்.

"நீங்க எழுதினது ஒண்ணுகூடப் பொய் இல்லம்மா" என்றார் அவர், பாவம், நொந்துபோய். "வெயில்கூட நேராத்தான் விழுது. நான் என்ன பண்றது?"

முப்பது நாளில் அடுப்பை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கத்தைப் பூட்டி முத்திரை வைப்போம் என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அத்தான் தாளைப் படித்தார். "நான் சின்னவன் வீட்டுக்குப் போயிடுறேன். பஸ்ல ஆறு மணி நேரம்தானே" என்றார். அன்றே கரண்டிகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஒரு கரண்டிதான் சுற்றினார்.

"சின்னத்தை, இவரு போயிட்டா என் சமையலைத் திட்ட யாரு இருக்கா?" என்று என்னிடம் சிரித்தாள் சாவிக்கொத்து. கண் மட்டும் சிரிக்கவில்லை.

இருபத்தொன்றாம் நாள் நகராட்சி மண்டபத்தில் அந்த மனுவைப் பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். நானும் அத்தானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். சங்கத் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். சுவரில் கலர் கலராகப் படம் காட்டினார். மன்ற உறுப்பினர்களில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். பிறகு அடுத்த தெருவில் இருக்கும் தலைமையாசிரியை எழுந்தார்.

"எங்க தெருச் சாக்கடை இப்பவே மழை வந்தா வாசலுக்கு வந்துடுது. வீட்டுக்கு ரெண்டு அடுப்படின்னா யாரு தாங்குறது?"

நிறையப் பேர் கை தட்டினார்கள். நியாயமான பேச்சுதானே.

கடைசியில் கட்டட விதிக் குழுவின் தலைவர், தடித்த கண்ணாடிக்காரர், வாயைத் திறந்தார். "ரெண்டாவது அடுப்படி இங்க யாருக்குமே தேவையில்ல. அப்படி ஒரு வீட்டை நான் கண்ணால பார்த்ததே கிடையாது."

சாவிக்கொத்து எழுந்து போய், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அந்தச் சத்தத்தில் தூங்கின இரண்டு பேரும் விழித்துக்கொண்டார்கள்.

"அய்யா, இதுல முப்பது சாவி இருக்கு. எந்தெந்த வீட்டுல ரெண்டாவது அடுப்பை ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். யாருன்னு சொல்ல மாட்டேன். நம்பிச் சாவி கொடுத்தவங்களைக் காட்டிக்கொடுத்தா நான் தரகரே இல்ல. என் வீட்டைச் சொல்றேன், அதுதான் பதினேழாம் பக்கத்துல நானே சொல்லித் தொலைச்சுட்டேனே!"

மண்டபம் சிரித்தது.

"என் மாமனாருக்கு என் சமையல் ஆகாது. எனக்கு அவரு வாய் ஆகாது. ஒரே அடுப்படியில நின்னா ரெண்டு பேருக்கும் அடிதடி. நடுவுல ஒரு சுவர் இருந்தா நாங்க நல்ல குடும்பம். அந்தச் சுவரைத்தான் கேக்குறோம். டீச்சரம்மா சொன்னதும் சரிதான். சாக்கடையைப் பார்த்துட்டு அனுமதி கொடுங்க, தாங்காதுன்னா கொடுக்காதீங்க. ஒளிச்சு வெச்சா யாரு வந்து எதைப் பார்க்க முடியும்?"

"சாக்கடை நம்ம மனுவுல இல்லையேம்மா" என்று முன்வரிசையிலிருந்து சங்கத் தலைவர் முணுமுணுத்தார்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் சரிம்மா. ஆனா அலமாரிக்குள்ள அடுப்பை வெச்சா தீப்பிடிச்சுக்காதா?"

என் பக்கத்திலிருந்து அத்தான், நானூறு பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட அதே தொண்டையில் கேட்டார்: "அலமாரின்னு யாருங்க சொன்னது?"

அவ்வளவுதான். தலைமையாசிரியைகூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அலமாரிக்குள் அடுப்பு இருந்த அந்த வீட்டை நாலு வருடத்துக்கு முன்னால் அந்த மனிதருக்குப் பார்த்துக்கொடுத்ததே இவள்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. ரயில் நிலையத்தைச் சுற்றி நாலு மாடி கட்டலாம் என்று சங்கம் கேட்டதைத் தள்ளி வைத்தார்கள். சாக்கடையைச் சோதித்துவிட்டு, ஒரு மனையில் இரண்டாவது அடுப்படி வைக்கலாம் என்று மட்டும் முடிவு செய்தார்கள். முதலில் தூக்கிய கை கண்ணாடிக்காரருடையது.

"நாலு மாடி கேட்டோம். ஒரு அடுப்பு கொடுத்திருக்காங்க" என்று புலம்பினார் சங்கத் தலைவர்.

"பத்த வெச்சுட்டோம்ல, மெதுவா வேகும்" என்றாள் இவள்.

இருபத்தொன்பதாம் நாள் ஆய்வாளர் வந்தார். பின்பக்கத்துச் சாக்கடையில் மூன்று வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை. கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அத்தான் துணி மூட்டையை அவிழ்த்து, ஒரு கரண்டியை எடுத்து, அவரை உட்காரவைத்து வயிறு நிறையப் போட்டார். "முன்பக்கம் சாப்பிடக் கூப்பிட்டா போயிடாதீங்க தம்பி" என்று எச்சரிக்கையும் செய்தார்.

இப்போது சாவிக்கொத்து அந்தச் சங்கத்தின் செயலாளர். டயர் கடை மாடியில் அவளுக்கு ஜன்னலோரமாக ஒரு மேசை இருக்கிறது. குடியிருப்பது அதே வீட்டின் முன்பக்கத்தில். பின்பக்கத்தில் அத்தான் இருக்கிறார்.