தீப்பெட்டியளவு கடல்

ஹோம்புஷில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரஷ்யர் தனியாக வசித்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அவர் சீனாவின் ஹார்பின் நகரில் பிறந்து, ஐம்பதுகளில் மனைவியோடும் மகளோடும் சிட்னிக்கு வந்து, ரயில்வே வேலைத்தளத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்துவிட்டு இங்கே தபால் பிரிக்கும் வேலைக்கு வந்தவன். என் மனைவி தாதி. அவள் வேலைக்குப் போகும் சனிக்கிழமைகளில் அவர் வேலிக்கு மேலால் என்னைத் தேநீருக்குக் கூப்பிடுவார். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. என் நினைவில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே தங்கிவிட்டது.

அவருடைய முன்னறையில் தபாலட்டை அளவில் கண்ணாடி போட்ட படம் ஒன்று தொங்கியது. மீசையும் கன்னமயிருமாக ஒரு கிழவர் ஓவியச் சட்டத்துக்கு முன்னால் அமர்ந்திருப்பார். எல்லாம் மண்ணிறம். சட்டத்தில் இருக்கும் தீப்பெட்டியளவு கடலுக்கு மட்டும் நிறம் உண்டு: பச்சை அலை, பின்னால் மங்கிய மஞ்சள் வெளிச்சம்.

"இவர் கருங்கடல் கரைக்காரர். கடலைத் தவிர வேறொன்றையும் பெரிசாக் கீறினதில்லை," என்றார் அவர். "ஒரு விழா விருந்தில வந்த ஆக்கள் ஒவ்வொருத்தருக்கும் தன்ர போட்டோவைக் குடுத்தவர். அதுக்குள்ள தன்ர கையால ஒரு சின்னக் கடல் கீறி ஒட்டியிருந்தவர். என்ர பாட்டன் அந்த ஊர்த் துறைமுகத்தில வேலை. அவருக்குக் கிடைச்சது இது. கண்ணாடி போட்டுத் தந்தவ என்ர அம்மா."

அந்தப் படத்தை அவர் மகளுக்குக் கொடுக்க நினைத்திருந்தார். மகள் மெல்பேர்னில் ஒரு அவுஸ்திரேலியரைப் பதிவுத் திருமணம் செய்யப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. தேவாலயத்தில் நடக்காத கல்யாணம் அவருக்குக் கல்யாணமே அல்ல. ஆனால் திகதி நெருங்க நெருங்க மனிதர் இளகிவிட்டார்.

"வாயால சொல்ல எனக்கு வராது. இதைக் குடுத்தா அவளுக்கு விளங்கும்," என்றார். "ஆனா எனக்கு ரஷ்யனில மட்டும்தான் எழுத வரும், அவள் அதை வாசிக்கமாட்டாள். மிஸ்டர் எடிட்டர், நீர் இங்கிலீஷில ஒரு பக்கம் எழுதித் தாரும். ஆர் கீறினது, எப்பிடி எங்களிட்ட வந்தது எண்டு. பேப்பரில வாற மாதிரி."

எனக்கு அதில் சந்தோஷம்தான். மூன்று வருடமாகத் தபால் உறைகளைத் தவிர வேறெதையும் கையாளாத எனக்கு எழுத ஒரு செய்தி கிடைத்திருந்தது. நகர நூலகத்துக்குப் போய்க் கலை நூல்களைப் புரட்டினேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக வந்தது. வறிய ஆர்மேனியக் குடும்பத்துப் பிள்ளை, ரஷ்ய மன்னரின் கடற்படைக்கு ஓவியராகி, ஆயிரக்கணக்கில் கடல்களை வரைந்திருக்கிறார். தண்ணீருக்குத் தவித்த தன் ஊருக்குத் தன் தோட்டத்து ஊற்றிலிருந்து நீர் கொடுத்திருக்கிறார். விருந்தும் உண்மை, சின்னக் கடல்களும் உண்மை. ஒரு விஷயம்தான் எனக்கு ஒட்டவில்லை. அந்த ஓவியர் கடலைப் பார்த்து வரைவதில்லையாம். கடல் தெரியாத அறையில், வெறும் சுவர்களுக்கு நடுவே, நினைவிலிருந்து வரைவாராம். ஓடும் அலையைத் தூரிகையால் பிடிக்க முடியாது என்பது அவர் வாதம். கண்ணால் கண்டதை மட்டும் எழுது என்று பழக்கப்பட்ட எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றுவேலை போலப் பட்டது.

கடைசியாகப் படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று, கொழும்பிலிருந்து கொண்டுவந்த சிறிய பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பத்திரிகையில் வரும் படங்களைச் சரிபார்க்க நாங்கள் வைத்திருப்பது. அச்சான படம் என்றால் அதன் அடியில் வரிசையாகப் புள்ளிகள் தெரியும்; உண்மைப் புகைப்படத்தில் தெரியாது.

பத்திரிகைக்காரன் எந்தப் படத்திலும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பான். நானும் கிழவரின் முகத்தில் கண்ணாடியை வைத்தேன். புள்ளிகள். நெற்றி, கன்னம், கோட்டு, எல்லாம் புள்ளிகள்.

"இது போட்டோ இல்லை. ஏதோ சஞ்சிகையில இருந்து வெட்டினது," என்றேன்.

அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "கடலுமோ?"

"ஓம். முழுக்க அச்சுத்தான்."

கடலின்மேல் நான் கண்ணாடியை வைக்கவில்லை. ஒரு விரற்கடை நகர்த்தியிருந்தால் போதும். படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் நிறம் ஏற்றி அச்சிடுவது எனக்குத் தெரிந்த வேலை. எங்கள் பொங்கல் மலரிலேயே செய்திருக்கிறோம். அதனால் பார்க்காமலே தெரியும் என்று நினைத்தேன்.

அவர் வாதாடவில்லை. படத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் கையில் தந்தார். "நீரே வைச்சிரும், மிஸ்டர் எடிட்டர். பேப்பரில வந்த படமெண்டா உமக்குத்தானே சொந்தம்."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அந்த மனிசன் உங்களை எழுதத்தானே கேட்டவர்? புரூவ் பாத்துப் பிழை பிடிக்கவோ கேட்டவர்?" என்றாள். உண்மையை மறைக்கமுடியுமா என்று கேட்டேன். அவள் சமையலைக் கவனிக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

அவர் மெல்பேர்ன் கல்யாணத்துக்கு ஒரு இஸ்திரிப்பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபின் சனிக்கிழமைத் தேநீர் இல்லை. வேலியருகே கண்டால் தலையை மட்டும் அசைப்பார். அடுத்த வருடம் மாரிக்காலத்தில் மாரடைப்பால் இறந்தார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். மகளின் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னேன். படம் என் மேசை லாச்சியில் கிடந்தது. வெறும் அச்சுப்படம்தானே என்று அதைப்பற்றி நான் பேசவில்லை.

அதற்குப் பிறகு வெஸ்ட்மீட்டில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் மனைவிக்கு வேலை கிடைத்து, நாங்கள் வீடு மாறினோம். சாமான் கட்டும்போது அந்தப் படத்தின் கண்ணாடி வெடித்தது. துண்டுகளை எடுக்க விரலை விட்டேன். கிழவரின் முகம் வழவழவென்று இருந்தது. கடல் சொரசொரத்தது. அலையின் முகட்டில் சாயம் தடித்து நின்றது.

பின்பக்கத்தைத் திறந்தேன். சஞ்சிகைத் தாளில் ஓவியச் சட்டம் இருந்த இடம் சதுரமாக வெட்டப்பட்டு, அதனூடாகப் பின்னாலிருந்த கடல் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது. பின்னால் இருந்தது ஒரு பழைய புகைப்பட அட்டை. ஈரம்பட்டு அதிலிருந்த உருவம் கரைந்துவிட்டது; தோளும் ஒரு கையும் மட்டும் மிச்சம். நடுவில் ஒட்டியிருந்த கடலுக்கு ஒரு சேதமும் இல்லை. கண்ணாடி போட்டுத் தந்தவர் தன் தாய் என்று அவர் முன்பு சொல்லியிருந்தார். முகம் அழிந்த படத்துக்கு அந்தத் தாய் வேறொரு முகம் தேடி வைத்திருக்கிறாள். மகனுக்கு அதைச் சொல்லவில்லை போலும்.

பூதக்கண்ணாடியை இப்போது கடலின்மேல் வைத்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

மகளுக்குக் கடிதம் எழுதிவிட்டு மெல்பேர்னுக்கு ரயிலேறினேன். அவள் படத்தைக் குசினி மேசையில் யன்னலோரம் வைத்து, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"அப்ப இது அந்தப் பெரிய ஓவியர் கீறினதோ?"

"ஆரோ கையால கீறினது. ஆரெண்டு என்னால சொல்லேலாது. அண்டைக்கும் அவ்வளவுதான் சொல்லியிருக்கோணும்."

அவள் படத்தைச் சரித்துப் பார்த்தாள். வெளிச்சம் பட்டு அலை முகடு மினுங்கியது.

"சின்ன வயசில இதை எனக்குத்தான் தாறதெண்டு சொன்னவர்," என்றாள். "கல்யாணத்துக்கு இஸ்திரிப்பெட்டியோட வந்து நிண்டார். ஏனெண்டு நானும் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை. அவர் என்னை மன்னிக்கேல்லை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான்."

அவர் கேட்ட அந்த ஒரு பக்கத்தை எழுதித் தரமுடியுமா என்று அவள் கேட்டாள். மேசையிலேயே எழுதினேன். தெரிந்தது இது, தெரியாதது இது என்று பிரித்து எழுதினேன். இதை மகளுக்கென்று அவர் எடுத்து வைத்திருந்ததையும், நான் பார்க்காமலே அச்சு என்று சொன்னதையும் எழுதினேன். பத்திரிகையில் பிழை விட்டால் மறுநாள் உள்பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் போடுவோம். பிழையை வாசித்தவர் அதையும் வாசிப்பார் என்ற நம்பிக்கையில் போடுவது அது.

அவள் இரண்டுதரம் வாசித்தாள். பிறகு தாளை மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகினாள்.