சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு

புதன்கிழமை காலை எட்டு பத்துக்குப் பாபநாசத்தில் பஸ் ஏறினேன். பிள்ளைகளா, உங்களுக்குப் பரீட்சை என்பதால் அம்மாவும் வரவில்லை, நான் மட்டும்தான். மடியில் ஒரு பை. பட்டுப் பாவாடை, தேங்காய், வெல்லம், அன்று காதுகுத்து வைத்திருந்த உங்கள் அத்தை மகளுக்கு ஒரு ஜோடி தங்கத் தோடு. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் நான் போயாக வேண்டும். தஞ்சாவூர் இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய். நேரம் கிடக்கிறது என்று ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே போனேன்.

என் தங்கை, உங்கள் செல்வி அத்தை, கடிதத்தில் எழுதத்தான் எழுதியிருந்தாள்: “பழைய வழி இப்போது இல்லை அண்ணா. பால் சொசைட்டி ஸ்டாப்பில் இறங்கிச் சுற்றி வா.” நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினெட்டு வயதில் அவள் ஊர் வயல்களில் நாற்றுமுடி சுமந்தவன் நான். கூலி கேட்டுச் சண்டை நடந்த வருஷங்களில், ரோட்டில் போலீஸ் நிற்க, வரப்பு வழியாகவே ஊருக்கு ஊர் சேதி கொண்டுபோனவன். ஒரு வரப்பு இன்னொரு வரப்பில் போய்ச் சேரும். தப்பாகப் போனாலும் எங்காவது கொண்டுபோய் விடும். எனக்கு யார் வழி சொல்வது?

ஒன்பது மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு. நாகை ரோட்டு டவுன் பஸ்ஸுக்கு ஐம்பது நிமிஷம் நின்றேன்.

“காலனி ஸ்டாப்பு ஒண்ணு குடுங்க” என்றேன் கண்டக்டரிடம்.

“அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லீங்களே. மகாலட்சுமி நகர் ஆர்ச்சுதான் இருக்கு.”

“வேப்பமரம் இருக்கும், பக்கத்துல பம்ப்செட்டு…”

“அதேதாங்க. மரத்தை வெட்டிட்டுத்தான் ஆர்ச்சே கட்டுனாங்க. பாத்து எறங்குங்க பெரியவரே.”

பெரியவராம். எனக்கு நாற்பத்திரண்டு வயது.

மணி பத்து இருபத்தைந்து. ஆர்ச்சுக்குப் பக்கத்தில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்கள். பழைய இடத்தில் பழையபடி நின்றவை அவை மட்டுமே. அத்தை வீடு இருக்கும் காலனி, வயல் வேலைக்காரர்களுக்கு அரசாங்கம் மனை கொடுத்துக் கட்டியது, அங்கிருந்து நேராகத் தெற்கே. முன்பு பத்து நிமிஷ நடை.

முதல் தெரு ஒரு மாட்டுக்கொட்டகையில் முடிந்தது. திரும்பி வந்தேன். இரண்டாம் தெரு வாய்க்காலில் முடிந்தது, பாலம் கிடையாது. மூன்றாம் தெருக் கோடியில் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு தார் ரோடு, வெகு அழகாக, கைக்கெட்டும் தூரத்தில். வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மாளிடம், “அந்த ரோட்டுக்கு எப்படிங்க போறது?” என்று கேட்டேன்.

“அது வேற ஆளு போட்ட மனைங்க. அவுங்க ஆர்ச்சு தனி. மெயின் ரோட்டுக்குப் போயித்தான் வரணும்.”

“பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டப் பேசணும்னா?”

“போன் இருக்கே” என்றார் அந்த அம்மாள்.

விஷயம் இதுதான். ஒவ்வொருவரும் தன் வயலைத் தனித்தனியாக மனை போட்டு விற்றிருக்கிறார்கள். அவரவர் தெரு அவரவர் எல்லையோடு நின்றுவிட்டது. வரப்பு இரண்டு பேருக்கும் பொது, அதனால் யாரும் நடக்கலாம். வேலி ஒருவனுடையது. நெல் இருந்தபோது இருந்த வழி, வீடு வந்தபோது இல்லை. வெயிலில் தேங்காய்ப் பையோடு நின்று இதைக் கண்டுபிடித்தேன். பதினோரு மணி ஆகிவிட்டது.

அடுத்த ஆர்ச்சு, அடுத்த நகர். பதினொன்று இருபத்தைந்துக்கு ஒரு சுவரில் போய் முட்டினேன். என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம். மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. அந்தப் பக்கம் மைக்செட் பாடுகிறது. “என்னடி, உங்கண்ணன் இன்னும் வரலியா?” என்று யாரோ அத்தையைக் கேட்பதுகூடக் கேட்கிறது.

நிழலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். “காலனிக்கு இப்படி வழி இல்லீங்க.”

“இல்லேங்கறதுதான் கண்ணுக்குத் தெரியுதே. ஏன் வைக்கலேன்னு கேக்கறேன்.”

“வழி வச்சா மனை விக்காதாம். அந்த ஜனங்க இந்தப் பக்கம் நடப்பாங்களாம்.”

எனக்கு வந்த கோபத்தில், “அந்த ஜனங்கதான்யா இந்த மண்ணுல நாத்து நட்டது!” என்று கத்தினேன்.

“என்னை ஏங்க ஏசுறீங்க? என் வீடும் அங்கதான் இருக்கு” என்றார் அவர். “இந்தச் சுவரைக் காவல் காக்க தெனமும் மூணு கிலோமீட்டரு சுத்தி நடந்து வர்றேன்.”

சுவரைப் பார்த்து, “செல்வி!” என்று கூப்பிட்டேன்.

மைக்செட் நின்றது. “அண்ணே! எங்க இருக்கே?”

“உன் கொல்லைக்குப் பின்னாடிதான்!”

“லெட்டருல படிச்சுப் படிச்சு எழுதுனேனே! படிக்கத் தெரியாதவன்கூட ஒழுங்கா வந்துட்டான்!” அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பிறகு, “ஏணி கொண்டாங்கடா!”

வாட்ச்மேன் அக்கம்பக்கம் பார்த்தார். தன் நாற்காலியைச் சுவரோரம் போட்டார். ஒரு சாக்கை நாலாக மடித்துச் சில்லின் மேல் போட்டார். “சீக்கிரம் ஏறுங்க. யாரும் கேட்டா நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.”

ஏறினேன். சாக்கையும் மீறி உள்ளங்கையில் கிழித்தது. பதினொன்று நாற்பத்தைந்துக்கு அத்தை வீட்டு மணையில் உட்கார்ந்தேன். பாப்பா என் மடியில். கையிலிருந்து ஒரு சொட்டு புதுப் பாவாடையில் பட்டுவிட்டது. ஆசாரி குத்தினார், பாப்பா வீரிட்டது. பன்னிரண்டு ஆக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அத்தை அப்போதுதான் அழுதாள்.

சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினேன். அதற்குள் நகர்க்காரர்கள் சத்தம் போட்டு ஏணியை எடுக்க வைத்துவிட்டார்கள். கடிதத்தில் எழுதியிருந்த வழியிலேயே நடந்தேன்: பால் சொசைட்டி வரை மூன்று கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். பாதித் தூரம் அந்தச் சுவர் கூடவே வந்தது.

பஸ்ஸில் வரும்போது நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயல் ஞாபகம் வந்தது. போன வாரம் அங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல் நட்டிருக்கிறார்கள். மாடி வீடு வரப்போகிறது என்று நீங்கள் குதித்தீர்கள், நானும் சிரித்தேன். அந்த வரப்பில்தான் நீங்கள் பள்ளிக்கூடம் போகிறீர்கள். நாளைக் காலையில் மனை போடுகிறவரைப் பார்க்கப் போகிறேன். “நீங்கள் போடும் தெரு எங்கே முடிகிறது?” என்று அவரிடம் கேட்கப் போகிறேன். நீங்களும் பையை மாட்டிக்கொண்டு என்னோடு வாருங்கள். அந்த வரப்பில் நடக்கிறவர்கள் யார் என்று அவர் பார்க்கட்டும்.